அண்ணியின் பூச்சியங்கள்

அண்ணியின் அடையாள அட்டைப் பிரதி ஒன்று என்னிடம் இருக்கிறது. பிரதியைப் பிரதி எடுத்து, அதையும் பிரதி எடுத்து, கடைசியில் முகமே கறுத்துப்போன தாள். கண் இரண்டும் மட்டும் வெள்ளையாக நிற்கின்றன.

இரத்தோட்டைக்கு மேலே, ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசை வீடுகளில் ஒன்றில், அண்ணி இருந்தார். அண்ணன் கொழும்பில் வேறு குடும்பம் அமைத்துக்கொண்ட பிறகும் அந்த ஒற்றை அறைக் காம்பிராவில் எனக்கு ஒரு தட்டுச் சோறு இருந்தது. எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். தம்புள்ளையில் மூட்டை தூக்குவேன், பல்லேகமப் பக்கம் வயல் வேலைக்குப் போவேன், நினைத்தபோது வருவேன். எங்கே போனாய் என்று அண்ணி கேட்டதில்லை. ஒருமுறை மட்டும், "சாப்பிட்டுட்டு இதுல ஒரு கையெழுத்துப் போட்டுட்டு ஓடு" என்றார். பெண்கள் குழுவில் அவர் எடுத்த கடனுக்குப் பிணைக் கையெழுத்து. போட்டேன், மறந்தும் போனேன். மூன்று மாதத்தில் அண்ணி காய்ச்சலில் இறந்தார். குழி வெட்டியவர்களில் நானும் ஒருவன்.

இரண்டு வருடம் கழித்து மாத்தளையில், வாகனம் வாங்கக் கடன் கொடுக்கும் ஒரு லீசிங் கம்பனிக்குப் போனேன். முதுகு மூட்டைக்கு மறுத்துவிட்டது. ஓர் ஆட்டோ கிடைத்தால் உட்கார்ந்து பிழைக்கலாம் என்று கணக்குப் போட்டிருந்தேன். அங்கிருந்த இளம் அதிகாரி என் பெயரிலான கடன் அறிக்கையைத் திறந்து, திரையை என் பக்கம் திருப்பினார். நான் எங்கே கிடந்தேன் என்று எனக்கே நினைவில்லாத மாதங்கள் அதில் கட்டம் கட்டமாக நின்றன. ஒழுங்காகக் கட்டிய மாதத்துக்குப் பூச்சியம். பிந்தினால் எத்தனை நாள் என்ற எண். தவணைக்கு வாங்கிய ஒரு போனுக்கு முப்பது, அறுபது, தொண்ணூறு என்று ஏறியிருந்தது.

"சம்பளச் சீட்ட விட இதத்தாண்ணே மேலிடம் பாக்கும். கையில காசு இருக்கான்னு மட்டுமில்ல, சொன்ன நாளுக்குக் கொடுக்குற ஆளான்னு பாப்பாங்க" என்றார். பிறகு கீழே இறக்கினார். நான் பிணை நின்ற கடன்கள் என்ற இடத்தில் ஒரே ஒரு வரி. அண்ணியின் பெயர். பூச்சியம், பூச்சியம், பூச்சியம். கடைசிப் பூச்சியம் போன மாதத்துக்கு உரியது.

"யாருண்ணே இவங்க? ஒரு நாள் கூடப் பிந்தல. பேசாம இவங்களையே உங்களுக்குப் பிணைக்குக் கூட்டிட்டு வாங்களேன். முடிச்சிரலாம்."

"சரி சார்" என்று மட்டும் சொன்னேன். படியிறங்கியதும் அண்ணியின் குழு எப்போது கூடும் என்று விசாரித்தேன்.

குழுக் கூட்டம், வேலைக்குப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுப்போகும் தோட்டத்துப் பிள்ளைக் காம்பிராவில், மத்தியானத்தில் நடக்கும். நான் போனபோது பனி உள்ளே வரை வந்திருந்தது. பணம் சேர்க்க வந்தவர் புதியவர். போனிலிருந்து கண்ணை எடுக்காமல் பெயர்களைக் கூப்பிட்டார். நான்காவதாக அண்ணியின் பெயர்.

"இருக்கேன்."

சளி கட்டிய, தாழ்ந்த குரல். வாசலில் நின்ற நான் எட்டிப் பார்த்தேன். உள்ளே இருந்த நான்கு பெண்களும் தலை குனிந்திருந்தார்கள்.

பணம் சேர்க்க வந்தவர் போன பிறகு, ஆட்டோவுக்குக் கடன் கேட்கப்போய் அறிக்கையில் அண்ணியின் பெயரைப் பார்த்ததைக் குழுத் தலைவியிடம் சொல்லிக் கேட்டேன். "அக்கா, அவங்க செத்து ரெண்டு வருசமாச்சே?"

"எங்களுக்குத் தெரியாதா? குளிப்பாட்டினதே நான்தான். பேப்பருக்குத் தெரிய வேணாம்னு பாக்குறோம்."

ஐந்து பேரும் ஒருவருக்கொருவர் பிணை. ஒரு பெயர் விழுந்தால் ஐந்தும் விழும், அதன் பிறகு யாருக்கும் கடன் கிடைக்காது என்று அவர்கள் உறுதியாக நம்பினார்கள். அதனால் அண்ணியின் தவணையை நாலாகப் பிரித்துக் கட்டினார்கள்.

"இன்னும் நாலு மாசத் தவணைதான். அவளும் முடிச்சிட்டே போகட்டும். நீ வாயத் திறந்தா எங்க பேரு அவ்வளவுதான், தம்பி."

"ஊர் சுத்துற பயலுக்கு ஆட்டோ ஒன்னுதான் கொறச்சல்" என்றார் சன்னல் பக்கம் இருந்தவர். எல்லோரும் சிரித்தார்கள்.

"அவங்களுக்குப் பதில் சொல்றது யாரு?" என்று கேட்டேன்.

தலைவி சன்னல் பக்கத்தவரைக் காட்டினார். அவர் நிமிர்ந்து, "நானா? இத்தன நாளும் நீதான்னுல்ல நெனச்சேன்" என்றார். மற்ற இருவரும் தலையை ஆட்டி மறுத்தார்கள். அதற்குமேல் ஒருவரும் சிரிக்கவில்லை. தலைவி எழுந்து போய்க் கதவைச் சாத்தினார்.

நாலு மாதம் மாத்தளை அலுவலகத்துப் பக்கம் நான் போகவில்லை. அதே முதுகோடு மிளகு மூட்டை ஏற்றினேன். கடைசித் தவணை கட்டிய அன்று தலைவி, கடன் தாள்களோடு வைத்திருந்த இந்த அடையாள அட்டைப் பிரதியைக் கொடுத்தார். "இனி எங்களுக்கு வேணாம். நீயே வச்சுக்க."

அதன் பிறகுதான் அதிகாரியிடம் போய் உண்மையைச் சொன்னேன். அவர் அண்ணியின் வரியை மறுபடி திறந்தார். "அண்ணே, இந்தக் கடனுக்குக் காப்புறுதி, அதான் இன்சூரன்ஸ், இருந்திருக்கும். ஆள் இறந்தத அறிவிச்சிருந்தா அன்னைக்கே முடிஞ்சிருக்கும். மத்தவங்க பேரு கெட்டிருக்காது." பிறகு, "பிணைக்கு வேற ஆள் இருக்கா?" என்றார். இல்லை என்றேன். என் விண்ணப்பத்தை மடித்துத் திருப்பித் தந்தார்.

"அவங்க வரி அழிஞ்சிருமா சார்?"

"அழியாது. முடிஞ்ச கடனும் சில வருசத்துக்கு அப்படியே நிக்கும்."

காப்புறுதியைப் பற்றி அந்தப் பெண்களிடம் நான் இன்னும் சொல்லவில்லை. முதுகு வலிக்கும் நாட்களில், மூட்டைகளின் மேல் உட்கார்ந்து தாளை விரிப்பேன். கறுப்புக்குள் இரண்டு கண்கள். இனி எந்த ஊரில் யார் என் பெயரைத் திறந்தாலும், என் தொண்ணூறுக்குக் கீழே, ஒரு நாளும் பிந்தாமல், அண்ணி இருப்பார்.