ஆறு இலக்கக் கட்டம்

இந்தக் கிழமையில் மட்டும் நான்கு பேர் என்னிடம் "சார் கேரளாவா?" என்று கேட்டுவிட்டார்கள். மந்தைவெளியில் பால் வாங்கும் கடையில் இருவர், பஸ்ஸில் ஒருவர், இரத்தம் எடுக்க ஊசி குத்திய பெண் ஒருத்தி. இந்த நகரில் முப்பத்தைந்து வருடமாக இருக்கிறேன். "இல்லை, யாழ்ப்பாணம்" என்றால், "அட, தமிழ் நல்லாப் பேசுறீங்களே!" என்று பாராட்டுகிறார்கள். ஊரில் இருந்து இதை வாசிக்கும் உங்களுக்கு இது சிரிப்பாக இருக்கும். எனக்கும் முன்பு சிரிப்பு வந்தது. இப்போது எண்ணிக்கை மட்டும் வைத்திருக்கிறேன்.

அடையாறில், புற்றுநோய்ச் சிகிச்சைக்கு வரும் வெளியூர்க்காரர் தங்க ஒரு சிறிய தரும விடுதி இருக்கிறது. பன்னிரண்டு அறை. ஊரில் கணக்கு வாத்தியாராக இருந்தவன் சும்மா இருக்க முடியாமல் செவ்வாயும் வெள்ளியும் அங்கே போய் உதவுகிறேன். நிர்வாகி வசந்தா மயிலாப்பூர்ப் பெண். கடிதங்களைப் பிரித்து, நோட்டில் எழுதி, ஓர் அறையை ஒதுக்க அவளுக்கு ஆறு நாள் பிடித்தது. "மாமா, உங்களுக்குத்தான் கம்ப்யூட்டர் வருமே, ஏதாவது பண்ணுங்கோளேன்" என்றாள். நிரல் எழுதத் தெரியாதவர்களுக்கென்றே இப்போது லோ-கோட் கருவிகள் இருக்கின்றன. பெயருக்கு ஒரு கட்டம், முகவரிக்கு ஒரு கட்டம் என்று இழுத்து வைத்தால் போதும். இணையத்தில் இயங்கும் விண்ணப்பம் தயார். மூன்று மணி நாற்பது நிமிடத்தில் முடித்தேன். பதினேழு கட்டம், அதில் பதினொன்று கட்டாயம். பின்கோடு ஆறு இலக்கம் இல்லாவிட்டால் சிவப்புக் கோடு விழும். அது 600 என்று தொடங்கினால் ஆள் சென்னைவாசி. மன்னிப்புக் கேட்டு மறுக்கும் கடிதம் தானாகவே போகும். கருவி தானாகத் தந்த 'வேறு விவரம்' என்ற கட்டத்தை மட்டும், ஊர்க்கதை எல்லாம் எழுதுவார்கள் என்று நீக்கிவிட்டேன். "ஆறு நாள் வேலை ஆறு நிமிஷத்துல முடிஞ்சுடறது மாமா!" என்றாள் வசந்தா. அன்று அந்த உற்சாகத்தில் மந்தைவெளி வீட்டுக்கு நடந்தே வந்தேன்.

நான் இந்த நகரில் நிரப்பிய முதல் படிவம் போலீஸ் நிலையத்தில். நிரந்தர முகவரி என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று தெரியாமல் நின்றேன். வீடு ஷெல் விழுந்து போய்விட்டது. "இன்னாயா, உன்னோட பெரிய ரோதனையா கீது" என்று ஏட்டு தாளைப் பிடுங்கி, ஓரத்தில் சரிவாக, 'இலங்கை, வீடு இல்லை' என்று எழுதி முத்திரை குத்தினார். அவமானமாக இருந்தது. ஆனால் என் தாள் நகர்ந்தது.

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் என் மேசைக்கு வந்தார்.

"ஐயா, பதினொரு நாளைக்கு முதல் விண்ணப்பம் போட்டனாங்கள். இடமில்லையெண்டு வந்தது. ஒருக்காப் பாத்துச் சொல்லுவியளோ?"

யாழ்ப்பாணத்து வடமராட்சிப் பேச்சு. என் ஊரிலிருந்து நாலு மைல். பெயர் சிவநேசன். மனைவி வாசலில் தலையில் துணி சுற்றியபடி சுவரில் சாய்ந்திருந்தார். திரையில் பார்த்தேன். ஊர்ப்பெயர் சரி. பின்கோடு 600020. 'சென்னைவாசிகளுக்கு இங்கே இடமளிப்பதில்லை, வருந்துகிறோம்.' அந்த வாக்கியத்தை எழுதியவன் நான்.

"எங்கடை தபால் இலக்கம் அஞ்சுதானே ஐயா. அடிக்க அடிக்கச் சிவப்பாக் காட்டினது. கேற்றிலை நிக்கிற தம்பிதான் உதவி செய்தவர்."

காவலாளி முருகன் எட்டிப் பார்த்தான். "பேஷண்ட் வேற கீது, பாவம். இன்னாத்துக்குத் தலைவரே கஷ்டப்பட்டுக்கினு, நம்ம பில்டிங் பின்கோடையே போட்டுடுன்னு நான்தான் சொன்னேன் சார். தப்பா?"

அவர்கள் குன்றத்தூரில் ஒரு சொந்தக்காரர் வீட்டில் இருந்தார்கள். போக இரண்டு பஸ், வர இரண்டு பஸ். கரண்டு வைப்பது, அதாவது கதிர்ச் சிகிச்சை, மொத்தம் முப்பத்துமூன்று நாள். ஒரு சனி ஞாயிறு போக ஒன்பது நாள் முடிந்திருந்தது. முப்பத்தாறு பஸ். ஒவ்வொன்றிலும் அந்த அம்மா வாந்திக்கென்று பொலித்தீன் பையைக் கையில் பிடித்தபடி வந்திருக்கிறார்.

வசந்தாவிடம் ஓடினேன். "பன்னெண்டு ரூமும் ரொம்பிடுத்து மாமா. திரும்பப் பதியுங்கோ, வெயிட்டிங்ல பதினாலாவதா வரும். இவாளை முன்னாடி தள்ளினா மத்தவாளுக்கு நான் என்ன பதில் சொல்றது? அவாளும் வாந்தி எடுத்துண்டுதானே வரா?" அவள் சொன்னதில் பிழையில்லை. 600இல் தொடங்காத ஏதோ ஓர் ஆறு இலக்கத்தைப் போட்டு நானே மறுபடி பதிந்தேன்.

"ஆர் ஐயா இப்பிடி ஒண்டைச் செய்து வைச்சது?" என்று சிவநேசன் கேட்டார்.

"கம்ப்யூட்டர்" என்றேன்.

அவர் தலையாட்டினார். என் வீட்டுக்கு வாருங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். என்னுடையது மூன்றாம் மாடியில் ஒற்றை அறை, ஐம்பத்துநான்கு படி. விடுதி வாசலின் மூன்று படியை இறங்க அந்த அம்மா இரண்டு தரம் நின்றார். அழைக்காமல், சிவநேசனின் இரண்டு தொலைபேசி இலக்கத்தையும் எழுதிக்கொண்டேன்.

அவர்கள் முறை வர இன்னும் பதின்மூன்று நாளாயிற்று. சிவநேசனின் உள்ளூர்த் தொலைபேசி இலக்கம் வேலை செய்யவில்லை. ஊர் இலக்கத்துக்கு வாட்ஸ்அப்பில் எடுத்தேன்.

"நாங்கள் போன கிழமையே ஊருக்கு வந்திட்டம் ஐயா. அவவாலை பஸ்ஸிலை ஏற ஏலாமப் போச்சு. கரண்டைப் பதினாலோடை நிப்பாட்டியாச்சு."

"தம்பி, அந்தப் படிவத்தைச் செய்தது நான்."

பின்னால் யாரோ இருமுவது கேட்டது.

"தெரியும் ஐயா. அண்டைக்கே அந்தக் கேற்றுத் தம்பி சொன்னவர். நீங்கள் கரைச்சல்படாதேங்கோ."

கோபித்திருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

அன்று பிற்பகலே படிவத்தைத் திருத்தினேன். நாடு என்று ஒரு கட்டம். இலங்கை என்றால் ஐந்து இலக்கம் போதும். 'வேறு விவரம்' திரும்ப வந்தது. எல்லாம் நாலு நிமிட வேலை. திருத்தினால் சோதித்துப் பார்க்க வேண்டும். சோதனைக்கு ஓர் ஆள் வேண்டும். என் பெயரையே போட்டேன். மந்தைவெளி முகவரியைத் தந்ததும், நான் சென்னைவாசி என்றும் எனக்கு இங்கே இடமில்லை என்றும் மரியாதையாகச் சொன்னது. அடுத்து ஊர் முகவரி. எங்கள் ஊரின் ஐந்து இலக்கம் எனக்குத் தெரிந்திருக்கவில்லை. கைபேசியில் தேடி எடுத்துப் போட்டேன். சிவப்புக் கோடு விழவில்லை. வெளியூர்க்காரனாக ஏற்றுக்கொண்டு, அடுத்த கட்டத்துக்குக் கொண்டுபோய் நிறுத்தியது.

'எத்தனை நாள் தங்குவீர்கள்?'

கட்டாயக் கட்டம். இரண்டு இலக்கத்துக்கு மேல் ஏற்காது. முப்பத்தைந்து வருடம் நாள் கணக்கில் ஐந்து இலக்கம். எழுத வேண்டிய இடத்தைக் காட்டும் கோடு மின்னி மின்னி நிற்கிறது. நான் விசைப்பலகையில் விரலை வைத்தபடி இருக்கிறேன்.