ஃபார்மட் செய்யவா என்று கேட்டது

இன்றும் கம்ப்யூட்டர் எதைக் கேட்டாலும் இரண்டு முறை படித்த பிறகே பதில் சொல்கிறேன்.

அப்போது சுங்குவார்சத்திரத்தில் அறை எடுத்துத் தங்கி ஃபேக்டரிக்குப் போய்க்கொண்டிருந்தேன். நெல்லையில் கம்ப்யூட்டர் சென்டரில் வேலை பார்த்த என் மனைவி, மகள் முதன்முதலாக நடந்ததை இரவல் கேமராவில் வீடியோ எடுத்து, பென் டிரைவில் அனுப்பியிருந்தாள். அவள் சென்டரில் விண்டோஸ் இல்லை, லினக்ஸ். பென் டிரைவையும் அதற்கேற்றபடியே ஃபார்மட் செய்திருந்தாள். அறை நண்பனின் விண்டோஸுக்கு அதைப் படிக்கத் தெரியவில்லை. "ஃபார்மட் செய்யவா?" என்று கேட்டது. ஃபேக்டரி லைனில் மெஷின் திரை எது கேட்டாலும் 'யெஸ்' தட்டிப் பழகிய விரல், இதற்கும் தட்டிவிட்டது.

"இன்னாபா, படிக்காமயே அமுக்கிட்ட! எல்லாம் பூட்ச்சு" என்றான் நண்பன்.

மனைவியிடம் சொல்ல மனம் வரவில்லை. போனில், "பாத்தேன், அழகா நடக்கா" என்றேன்.

"எதைப் பாத்து நடந்தா, சொல்லுங்க?"

உண்மையைச் சொல்லிவிட்டேன். கேமராவைத் திருப்பிக் கொடுத்துவிட்டதால் அவளிடமும் வேறு பிரதி இல்லை.

"கொடியில கெடந்த உங்க சட்டையப் பாத்துத்தான் நடந்தா" என்றாள்.

அடுத்த முறை, விண்டோஸ், லினக்ஸ் இரண்டிலும் திறக்கும் ஃபேட்-32 ஃபார்மட்டில் அனுப்பினாள். உடனே திறந்தது. மகள் முற்றத்தில் ஓடிக்கொண்டிருந்தாள். கொடியில் என் சட்டை அப்படியே கிடந்தது. அவள் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.