இடம் மாறிய கல்லா

உணவகங்களுக்கு உள்ளமைப்பு வரைந்து கொடுப்பது என் தொழில். மைசூர் அக்ரஹாரத்தில் ஒரு தமிழர் தன் சிறிய ஹோட்டலைப் புதுப்பிக்க என்னை அழைத்திருந்தார். வாடிக்கையாளர்களுக்கான கழிப்பறை சமையலறைக்கும் பின்னால், கேஸ் சிலிண்டர்களைத் தாண்டி இருந்தது. அதை உள்ளே கொண்டுவந்தே தீரவேண்டும் என்று நான் பிடிவாதமாக நின்றேன். குழாய் இணைப்புக்குத் தோதான ஒரே மூலையிலோ, வாஸ்து பார்த்து வைத்த கல்லா இருந்தது.

“கல்லாவைத் தொடக்கூடாது மேடம். டாய்லெட் பின்னாடியே இருக்கட்டும். ஸ்வல்ப அட்ஜஸ்ட் பண்ணிக்குங்க,” என்றார் முதலாளி, ‘கொஞ்சம்’ என்பதை மட்டும் ஊர்க் கன்னடத்தில். என் மூன்றாவது வரைபடத்தையும் ஒதுக்கிவிட்டு, எல்லோருக்கும் காபி கொண்டுவரச் சொன்னார்.

கல்லாவில் உட்கார்ந்திருந்த அவர் மனைவி மட்டும் டம்ளரை எடுக்கவில்லை.

“நான் கடையில தண்ணிகூட குடிக்கறதில்ல மேடம். குடிச்சா சமையல் ஆளுங்க அத்தனை பேரையும் தாண்டிப் போகணுமே. இங்க வர்ற லேடீஸும், பின்னாடின்னு கை காட்டினா சாப்பிடாமலே எந்திரிச்சிடறாங்க,” என்றவர், கணவர் பக்கம் திரும்பினார். “என் கல்லாவை வாசல் பக்கம் தள்ளுங்க. லட்சுமி அங்கேயும் வருவா.”

முதலாளி, ஒதுக்கி வைத்த வரைபடத்தை மறுபடியும் தன் பக்கம் இழுத்தார்.

வாடிக்கையாளர்களுக்காக அவ்வளவு வாதாடிய நான், நாளெல்லாம் அங்கேயே உட்காரும் பெண்ணை ஒரு வார்த்தை கேட்டதில்லை. திறப்பு நாளன்று கல்லா மேஜையில் ஒரு தண்ணீர் பாட்டில் பாதி காலியாக நின்றது.

இப்போதெல்லாம் நான் கழிப்பறையைத்தான் முதலில் வரைகிறேன். மேஜைகள் ஸ்வல்ப அட்ஜஸ்ட் பண்ணிக்கொள்ளட்டும்.