பங்குக் கிணற்றில் இராசமலரின் பங்கு

இராசமலர் வென்றெடுத்தவை கொஞ்சமல்ல. மூன்று வயதில் வந்த இளம்பிள்ளை வாதத்தை வென்றாள். அது இடது காலைச் சூம்ப வைத்துவிட்டுத்தான் போனது. "உவளுக்கு என்னத்துக்குப் பள்ளிக்கூடம்?" என்று கேட்ட புத்தூர்ச் சனத்தின் வாயை வென்று ஏழாம் வகுப்புவரை படித்தாள். சைக்கிள் ஓடமாட்டாள் என்றார்கள். ஒற்றைக் காலால் மிதித்துச் சந்தைக்குப் போய் வந்தாள். வெங்காயப் பாத்திக்குத் தண்ணீர் கட்டுவதில் ஆண்பிள்ளைகளையே முந்தினாள். ஒரேயொரு பட்டிமன்றத்தில் மட்டும் தோற்றாள். அக்கா பத்மாசினிக்கோ அத்தனை வெற்றியையும்விட அந்தத் தோல்விதான் பெரிது.

அவர்களின் அப்பா கனகரத்தினத்தின் தோட்டக் கிணறு நான்கு குடும்பங்களுக்குப் பொதுவானது. யாருக்கு எந்த நாள் இறைப்பு முறை என்பது முன்னோர் பிரித்து வைத்தது. பங்கு சீதனத்தோடு பெண்பிள்ளைக்கு இறங்கும். பத்மாசினிக்குக் கலியாணத்தோடு அவளுடைய பங்கு வந்தது. மலரைப் பெண் கேட்டு ஒருவரும் வரவில்லை. அதனால் அவளுடைய பங்கைப் பற்றியும் பேச்சு எழவில்லை. பங்குக்காரர் கூடும்போது, "மலரின்ரையும் என்ரையும் ஒண்டுதானே" என்று அப்பாவே அவளுக்கும் சேர்த்துக் கையொப்பம் வைத்துவிடுவார். அடையாள அட்டைக்குப் போன இடத்திலும், அவள் காலைப் பார்த்தவர்கள் பேனாவை நீட்டாமல் கைநாட்டுக்கு மைப்பெட்டியைத்தான் நீட்டினார்கள்.

எண்பத்தாறாம் ஆண்டு ஓகஸ்டில், மாமன் மகன் அருட்பிரகாசம் கிணற்றுக்குக் கிட்ட மலசலகூடக் குழி வெட்டப் புறப்பட்டான். அவனும் ஒரு பங்குக்காரன், மின்கம்பி இழுக்கும் வயர்மன் வேலை. ஆண்கள் எல்லோரும் தலையாட்டிவிட்டார்கள்.

"அப்பா, உந்தச் சுண்ணாம்புக் கல்லுக்குக் கீழை ஓடுறது ஒரே தண்ணிதானே. என்னை ஒருத்தரும் கேக்கேல்லையே?" என்றாள் மலர்.

"உன்னை என்னத்துக்குப் பிள்ளை கேக்கிறது?" என்றார் அப்பா, கோபமே இல்லாமல். அதுதான் அவளைச் சுட்டது.

அந்த மாதக் கடைசி ஞாயிறு பின்னேரம் வாசிகசாலையில் பட்டிமன்றம். சித்திரையில் சோவியத் நாட்டில் அணு உலை வெடித்ததை வானொலியில் கேட்டதிலிருந்து ஊரில் அதே கதை. 'அணுமின் நிலையம் எமக்கு வேண்டுமா?' என்று தலைப்பு வைத்தார்கள். வேண்டும் என்று பேச அருட்பிரகாசம். வேண்டாம் என்று பேசக் கரவெட்டியிலிருந்து வரவேண்டியவர் பஸ் இல்லாமல் வரவில்லை. பட்டிமன்றத் தலைவர் சீவரத்தினம் மாஸ்ரர் கையைப் பிசைந்துகொண்டு நின்றபோது பெண்கள் பக்கத்திலிருந்து தான் பேசுவதாக மலர் எழும்பினாள்.

"குப்பி விளக்கிலை படிக்கிற பிள்ளையளைக் கேட்டுப் பாருங்கோ!" என்று முழங்கினான் அருட்பிரகாசம். "கறண்ட் வேண்டாமெண்டால் மலர் மச்சாள் நெருப்புப் பெட்டியோடை வரட்டும்!"

கைதட்டல் ஓய மலர் தொடங்கினாள்.

"கறண்ட் வேணும், அத்தான். ரான்ஸ்போமரிலை வெடி பட்டால் நீங்கள் ஏணியோடை போறியள். உதிலை வெடி பட்டால் ஆர் ஏணியோடை போறது?"

ஆண்கள் பக்கமும் சிரித்தது.

"கட்டி முடிக்கப் பத்து வருசம் செல்லுமாம். அதுமட்டும் குப்பி விளக்குத்தானே? சுடுதண்ணியைக் கடலுக்கை விடுவினமாம். பருத்தித்துறையிலை வலை போடுற சனத்தைக் கேட்டவையோ? சரி, அதையும் விடுங்கோ. எரிச்ச மிச்சத்தை எங்கை புதைக்கிறது? எத்தினையோ ஆயிரம் வருசத்துக்கு நஞ்சாம். பங்குக்காரர் எல்லாரும் ஓம் எண்டு சொல்லாமல் எங்கடை ஊரிலை கிணத்தடியிலை குழி வெட்டேலாது. இனிப் பிறக்கப்போற பங்குக்காரரை ஆர் கேட்டது?" அப்பா இருந்த பக்கம் திரும்பினாள். "பிறந்து நிக்கிற பங்குக்காரியையே ஒருத்தரும் கேக்கேல்லை."

அப்பா சால்வை நுனியைப் பார்த்துக்கொண்டிருந்ததைப் பத்மாசினி கண்டாள்.

மாஸ்ரர் தீர்ப்புச் சொல்ல எழும்பினார். "மலரின்ரை பயம் நியாயம். ஆனால் இருட்டிலை இருக்கிற சனத்தைப் பார்த்து வேண்டாம் எண்டு சொல்ல எனக்கு வாய் வரேல்லை" என்று வேண்டும் என்ற பக்கத்துக்கே தீர்ப்புச் சொன்னார்.

அடுத்த ஞாயிறு காலை அருட்பிரகாசம் குழி தோண்டும் அலவாங்கோடு கிணற்றடிக்கு வந்தான். பங்குக்காரர் எல்லோரையும் அழைத்திருந்தான். வந்தவன் அலவாங்கை மலருக்கு முன்னால் வைத்தான்.

"மேடையிலை நான் வெண்டிட்டன். ஆனால் இதை நிலத்திலை போட்டால் உம்முடைய கதைதான் காதிலை கேக்குது. சொல்லும் மச்சாள், எங்கை வெட்ட?"

"அங்காலை, பனையடியிலை."

"ஐயோ, அது வீட்டிலையிருந்து எவ்வளவு தூரம்!"

"ஓடிப் பழகுங்கோ, அத்தான்."

கிணற்றடி சிரிப்பில் அதிர்ந்தது. கிணற்றுக்குக் கிட்ட இனி ஒருவரும் குழி வெட்டுவதில்லை என்று மாஸ்ரரே ஒரு தாளில் எழுதினார். அப்பா தன் பங்குக்குக் கையொப்பம் வைத்தார். வழக்கம்போல அடுத்த வரிக்குப் போன பேனா நின்றது.

"இது உன்ரை பங்கு, பிள்ளை. நீயே வை."

மலர் ஈரக் கையைப் பாவாடையில் இரண்டு தரம் துடைத்தாள்.

பிறகு போர் வந்து, ஊரில் இருந்த மின்சாரமும் நின்றுபோயிற்று. தொண்ணூற்றைந்தில் சனமெல்லாம் வெளிக்கிட்டபோது பத்மாசினி அந்தக் கிணற்றில் கடைசியாக ஒரு வாளி அள்ளிக் குடித்தாள். அந்தத் தண்ணீரின் குளிர்ச்சி இன்னும் தொண்டையில் நிற்கிறது. இடம்பெயர்வில் அந்தத் தாள் எங்கோ தவறிவிட்டது. ஆனால் க.இராசமலர் என்று, தாள் பொத்துப்போகுமளவு அழுத்தி, தங்கச்சி முதன்முதலாகத் தன் பெயரை எழுதிக் கையொப்பம் வைத்த நாளைப் பத்மாசினி மறக்கவில்லை: 1986 செப்டம்பர் ஏழு, ஞாயிற்றுக்கிழமை.