சிவலிங்கம் என்ற பெண்

ரொறன்ரோவில் பல வளாகங்கள் உள்ள ஒரு பெரிய கல்லூரியில் எனக்கு அலுவலக வேலை. தாதியர் வகுப்பில் மிஞ்சிய ஒரே இடத்துக்காகக் காத்திருந்தவர்களை அன்று பட்டியலில் இருந்த குடும்பப் பெயரைச் சொல்லி அழைத்தேன். முதலில் “சிவலிங்கம்!” மூன்று முறை கூப்பிட்டும் யாரும் எழும்பவில்லை. இடத்தை அடுத்தவருக்குக் கொடுத்துவிட்டேன்.

முன்வரிசையில் இருந்த பெண் கடைசியாக வந்தாள்.

“அக்கா, என்னைக் கூப்பிடேல்லையே? நான் தர்சினி, சிவலிங்கம் தர்சினி.”

“உங்களைத்தானே பிள்ளை முதல் கூப்பிட்டனான்!”

“அது அப்பான்ரை பேர். ஆரோ ஐயாவை எண்டு நினைச்சன். இனி ஒண்டும் செய்யேலாதோ?”

மேலாளரிடம் கெஞ்சினேன். பட்டியலை முடித்தாயிற்று என்றார். அவள் அழாமல் போனதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

தமிழ் தெரியாதவர் கூப்பிட்டிருந்தால் மன்னிக்கலாம்.

பின்னாலிருந்து யாரோ “கந்தையா!” என்றார்கள். பத்து வருடமாக இங்கே எனக்கு அப்பாவின் பெயர்தான். வழக்கம்போலத் திரும்பினேன்.