கீழிருந்து எடுத்த படம்

சூப்பர் ஹீரோ படம் என்றால் நானும் என் மகளும் சோறு தண்ணி மறந்துவிடுவோம். விளாங்குடி வீட்டில் படத்தை நிறுத்தி நிறுத்தி அவளுக்கு வாத்தியார் வேலை பார்ப்பேன். "கேமரா கீழ இருந்து பாத்தா அவன் பெரிய ஆளு. மேல இருந்து பாத்தா தோத்துட்டான்னு அர்த்தம். வசனமே வேணாம் தாயி." எட்டு வயதிலேயே அவளுக்குக் கற்பூர புத்தி. நாயகன் உச்சியில் ஏறி இடுப்பில் கை வைத்தால், "கேமரா தரையில கெடக்குப்பா" என்பாள். எனக்குப் பெருமை தாங்காது.

அந்தப் பெருமையோடுதான் சோழவந்தான் பக்கம் எங்கள் ஊருக்குப் போனோம். என் தங்கை பிள்ளைக்குக் காதுகுத்து. முதுகில் கட்டிய சிவப்பு அங்கியைக் கழற்ற மாட்டேன் என்று மகள் ஒரே அடம். சரி கழுதை, போட்டுத் தொலை என்று விட்டுவிட்டேன்.

திரும்பும்போது ஊர்ப் பொதுத்திடலான மந்தையில் பஸ்ஸுக்கு நின்றோம். அங்கே மேலத்தெருக்காரர்களின் நாடக மேடை ஒன்று உண்டு. எங்கள் தெரு ஆட்கள் அதில் ஏறுவதில்லை. எவனும் போர்டு எழுதி வைக்கவில்லை. என் அப்பா ஏறவில்லை, நானும் ஏறவில்லை, அவ்வளவுதான். கேமரா கோணமெல்லாம் சொல்லிக்கொடுத்த நான் மகளிடம் இதை மட்டும் சொன்னதில்லை. எந்த வாயால் சொல்வது?

பெட்டிக்கடையில் தண்ணீர் பாட்டில் வாங்கிக்கொண்டு திரும்பினால், அடியாத்தி, மேடை விளிம்பில் நிற்கிறாள்! காலை அகட்டி, இடுப்பில் கை வைத்து, நாடியைத் தூக்கிக்கொண்டு. அங்கி காற்றில் படபடக்கிறது. கீழே மேலத்தெரு ஆட்கள் மூன்று பேர் உட்கார்ந்தபடி அவளை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருவர் எழுந்து வந்து, மேடைக்கு முன்னால் குத்தவைத்து உட்கார்ந்து போனைத் தூக்கிப் பிடித்தார்.

"அப்பா, இந்த அண்ணே கரெக்டா கீழ இருந்து எடுக்குறாங்க!" என்று சந்தோஷத்தில் கத்தினாள்.

"யாரு வீட்டுப் புள்ள?" என்றார் அவர், போனிலிருந்து கண்ணை எடுக்காமல்.

ஆபீஸில் பத்துப் பேரை வேலை வாங்குகிறவன் நான். என் கைகள் தாமாகவே கூடின. முதுகும் வளைந்தது. "எம் புள்ளதாண்ணே. டவுன்ல வளந்தது, தெரியாம ஏறிருச்சு. கோவிச்சுக்காதீங்கண்ணே."

அவர் திட்டவில்லை, சிரிக்கவும் இல்லை. போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, "சூதானமாக் கூட்டிட்டுப் போ" என்றார். திட்டியிருந்தால்கூட எனக்கு மூச்சு வந்திருக்கும்.

பஸ்ஸில் மகளை மடியில் இறுக்கி வைத்துக்கொண்டேன். அந்தப் படம் இந்நேரம் யார் யார் போனுக்குப் போயிருக்கும்? நாங்கள் தப்பித்து வந்துவிட்டோம், தங்கையும் அவள் பிள்ளைகளும் அங்கேதானே இருக்கிறார்கள்? பின்னால் பைக் சத்தம் கேட்டாலே திரும்பித் திரும்பிப் பார்த்தேன். தங்கைக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. மறுபடியும் போட்டேன்.

விளாங்குடி வந்தது. இறங்கும்போது மகள் என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"மேல இருந்து நான் உன்னயத்தான் பாத்தேன். நீ யாருகிட்டப்பா தோத்த?"