காலி ரூமில் ஓடிய ஹீட்டர்

கொடைக்கானல்ல நான் மேனேஜரா இருக்கிற ஹோட்டலுக்கு இன்னைக்கு மதுரையிலிருந்து ஒரு சார் எனர்ஜி ஆடிட் பண்ண வந்தார்.

"ஆள் இல்லாத ரூம்ல ஹீட்டர் ஓடவே ஓடாது சார்"னு சொல்லி, நானே டிக் போட்டு வச்ச செக்லிஸ்டைக் காட்டினேன்.

அவர் மூணாவது மாடியில ஒரு காலி ரூமைத் திறக்கச் சொன்னார்.

உள்ளே ஒரே அனல். ஹீட்டரைச் சுத்தி நாலு நாற்காலி, எல்லாத்துலயும் ஈரத் துண்டு. ஒரு வாரமா மூடுபனி, துணி எதுவுமே காயல. "ஹீட்டர் முன்னாடி போடுங்கக்கா, வெரசா காயும்"னு ரூம் சுத்தம் பண்ற செல்வி அக்காகிட்ட காலையில சொன்னதே நான்தான்.

"யாரு போட்டது?"னு சார் கேட்டார்.

ரூமைத் திறந்துவிட்டு வாசல்ல நின்ன அக்கா என்னைப் பார்த்தாங்க. நான் ஜன்னலைப் பார்த்தேன்.

"நான்தாங்க சார். தெரியாமப் போட்டுட்டேன்"னாங்க.

அவர் ரிப்போர்ட்ல எழுதினார்: ஊழியர்களுக்கு மின்சிக்கனப் பயிற்சி தேவை.

நாளைக்கு வெள்ளனே பயிற்சி. நடத்தப் போறது நான். முன்வரிசையில செல்வி அக்கா உட்கார்ந்திருப்பாங்க.

அவர் குடுத்துட்டுப் போன முதல் ஸ்லைடு: "சுவிட்சைப் போட்டவரே பொறுப்பு."

நீங்களே சொல்லுங்க, இதை நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு வாசிக்கிறது?